5 லட்சத்துக்கு மேல் போட்ட பணத்துக்கு யார் பொறுப்பு?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். பணி ஓய்வின்போது வந்த 38 லட்சத்தை ஒருவர் ஒரே அரசு வங்கிக் கிளையில் எஃப்.டி.யாகப் போட்டிருக்கிறார். பாஸ்புக்கில் '5 லட்சம் வரை காப்பீடு' என்று ஒரு முத்திரை. அதைப் பார்த்த மருமகன், "மீதி 33 லட்சத்துக்கு யாரும் பொறுப்பில்லை மாமா" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து இவருக்குத் தூக்கம் போய்விட்டது. வங்கியில் இருந்தால் பத்திரம் என்றுதானே இத்தனை வருஷம் நம்பினோம், அப்படியானால் பாதுகாப்பு என்பதற்கு என்னதான் பொருள் என்று கேட்கிறார்.

சார், மருமகன் சொன்னதில் பாதி சரி. சட்டப்படி அந்த 33 லட்சத்துக்குக் காப்பீடு கிடையாது. ஆனால் அதை வைத்துக்கொண்டு பணம் ஆபத்தில் இருக்கிறது என்று முடிவுகட்ட வேண்டாம். நான் வங்கியில் வேலை பார்த்த காலத்தில் கவனித்த ஒன்று: முக்கால்வாசிப் பேர் பாதுகாப்பை ஓர் இடமாகத்தான் நினைக்கிறார்கள். கனமான இரும்புக் கதவு, வாசலில் துப்பாக்கியோடு ஒரு காவலாளி, உள்ளே போய்விட்டால் பணம் பத்திரம். உண்மையில் நீங்கள் போட்ட பணம் அந்தக் கட்டடத்தில் உட்கார்ந்திருப்பதில்லை. யாருக்கோ வீட்டுக் கடனாகவோ, அரசின் கடன் பத்திரமாகவோ அது எப்போதோ கிளம்பிப் போய்விட்டது. உங்கள் கையில் இருப்பது, தவணை முடிந்ததும் திருப்பித் தருகிறேன் என்று வங்கி எழுதிக் கொடுத்த ரசீது. அந்த வாக்கை வங்கியால் காப்பாற்ற முடியாமல் போனால், அதற்குப் பின்னால் இன்னொருவர் கொடுத்த வாக்கு இருக்க வேண்டும். ஆகவே யார் என்னிடம் 'இது பாதுகாப்பு' என்று சொன்னாலும் நான் கேட்பது இதுதான்: வாக்குக் கொடுத்தது யார், எந்த இழப்புக்கு, எவ்வளவு வரை, எத்தனை நாளுக்குள்?

இந்த நான்குக்கும் பதில் இல்லாத காலம் எப்படி இருந்தது என்று சென்னைக்கு நன்றாகவே தெரியும். 1906 அக்டோபரில் ஆர்பத்நாட் கம்பெனி திவாலானது. நகரத்தின் பெரிய பிரிட்டிஷ் நிறுவனங்களில் ஒன்று அது. வெள்ளைக்காரன் கம்பெனி, பெரிய பெயர் என்ற ஒரே தைரியத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் அங்கே பணம் போட்டிருந்தார்கள். வேறு எந்த உத்தரவாதமும் இல்லை. ஜார்ஜ் ஆர்பத்நாட்டுக்கு 18 மாதக் கடுங்காவல் தண்டனை கிடைத்தது. குற்றவாளியை உள்ளே தள்ளினால் நமக்கு நியாயம் கிடைத்ததுபோல் இருக்கும், போட்ட பணம் வந்துவிடாது. இந்த இரண்டையும் நாம் இன்றைக்கும் குழப்பிக்கொள்கிறோம். அந்த அடியின் கோபத்திலிருந்துதான் வி. கிருஷ்ணசுவாமி ஐயர் முதலானோர் முன்னின்று 1907-ல் இந்தியன் வங்கியைத் தொடங்கினார்கள். வங்கி புதிது, சொந்த மக்களுடையது. ஆனால் வங்கி கவிழ்ந்தால் என்ன செய்வது என்ற கேள்வி அப்படியேதான் இருந்தது.

அதற்குப் பதில் வர இன்னும் ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆனது. 1960 ஆகஸ்டில் கேரளத்தின் பெரிய வங்கியான பாலாய் சென்ட்ரல் வங்கி மூடப்பட்டது. பணம் போட்டவர்கள் நீதிமன்றமும் சொத்து விற்பனையுமாகக் காத்துக் கிடந்தார்கள். நாடு முழுக்கப் பீதி. அதற்கப்புறம்தான் வைப்புத்தொகைக் காப்பீட்டுக் கழகத்துக்கான சட்டம் வந்து, 1962 ஜனவரி 1 முதல் கழகம் செயல்படத் தொடங்கியது. அமெரிக்கா 1933-ல் சட்டம் போட்டுத் தொடங்கிய ஏற்பாடு இது. உலகில் இதைச் சீக்கிரமாகவே எடுத்துக்கொண்ட நாடுகளில் நம்முடையதும் ஒன்று.

முதல் உச்சவரம்பு ஒருவருக்கு 1,500 ரூபாய். 1968-ல் 5,000, 1980-ல் 30,000, 1993-ல் ஒரு லட்சம். அதோடு நின்றுவிட்டது. 27 வருஷம் கழித்து, 2020 பிப்ரவரியில்தான் 5 லட்சம் ஆனது. விலைவாசி ஏறிக்கொண்டே இருக்கும்போது தொகையை மட்டும் அப்படியே வைத்திருந்தால், ஒரு வரியைக்கூடத் திருத்தாமலே பாதுகாப்பைக் குறைத்துவிடலாம். அதுதான் அந்த 27 வருஷத்தில் நடந்தது. பெரிதாக யாரும் கவனிக்கவுமில்லை.

இதற்கான பிரீமியத்தை உங்களிடம் வாங்கக் கூடாது, வங்கிதான் கட்ட வேண்டும். 2020-ல் அதை 100 ரூபாய்க்கு ஆண்டுக்கு 12 பைசா என்று நிர்ணயித்தார்கள். நல்ல நிலையிலுள்ள வங்கிகளுக்கு இதைக் குறைக்கும் முறையை 2025-ல் அறிவித்தார்கள். ஒரு வேடிக்கை: இந்தக் கட்டணம் 5 லட்சத்துக்கு மேற்பட்ட டெபாசிட்டையும் சேர்த்துத்தான் கணக்கிடப்படுகிறது. உங்கள் 38 லட்சத்துக்கும் வங்கி பிரீமியம் கட்டுகிறது, கேட்டால் கிடைப்பது 5 லட்சம்.

இது அநியாயமில்லையா என்று தோன்றும். ஆனால் இந்தக் காப்பீட்டின் பெரிய வேலை இழப்பீடு கொடுப்பதே அல்ல, பதற்றம் வராமல் தடுப்பது. எந்த வங்கியும், அது எவ்வளவு நல்ல வங்கியாக இருந்தாலும், எல்லாரும் ஒரே நாளில் வந்து கேட்டால் கொடுக்க முடியாது. கடனாகப் போன பணத்தை ஒரே வாரத்தில் திரும்ப வாங்க முடியாதே. அதனால் 'மற்றவர்கள் எடுக்கப் போகிறார்கள்' என்ற வதந்தி ஒன்று போதும், நல்ல வங்கியும் படுத்துவிடும். பயந்தவர்கள் முட்டாள்கள் இல்லை. மற்றவர் ஓடும்போது நாமும் ஓடுவதுதான் அந்த இடத்தில் புத்திசாலித்தனம். டக்ளஸ் டைமண்ட், பிலிப் டிப்விக் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 1983-ல் இதைக் கணிதமாக எழுதிக் காட்டினார்கள். 2022-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். தீர்வும் அவர்களே சொன்னதுதான்: நம்பத்தக்க ஒருவர் 'உன் பணம் எப்படியும் வரும்' என்று முன்கூட்டியே உறுதி சொன்னால் யாரும் ஓட மாட்டார்கள். யாரும் ஓடாவிட்டால் அந்த உறுதியைச் செலவழிக்கவே வேண்டியிருக்காது.

உறுதி அரைகுறையாக இருந்தால்? 2007 செப்டம்பரில் பிரிட்டனின் நார்தர்ன் ராக் வங்கி வாசல்களில் நின்ற வரிசையைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். அங்கேயும் காப்பீடு இருந்தது. முதல் 2,000 பவுண்டுக்கு முழுவதும், அடுத்த 33,000 பவுண்டுக்கு 90 சதவீதம். பத்தில் ஒரு பங்கு போகலாம் என்றால், வரிசையில் நிற்கும் சிரமம் அதைவிட மலிவு. மக்கள் நின்றார்கள். அரசே முன்வந்து முழு உத்தரவாதம் சொன்ன பிறகுதான் கூட்டம் கலைந்தது.

இப்போது உங்கள் 33 லட்சத்துக்கு வருகிறேன். இந்தியாவில் காப்பீட்டுக்குள் இருக்கும் வங்கிக் கணக்குகளில் 100-க்கு 97, 98 கணக்குகள் 5 லட்சத்துக்கு உட்பட்டவை. தொகையாகப் பார்த்தால் பாதிக்கும் குறைவுதான் காப்பீட்டுக்குள் வரும். ஆனால் வரிசையில் வந்து நிற்பது தொகை இல்லை, ஆள். அந்த 97 பேரும் வதந்தியைக் கேட்டுவிட்டு வீட்டிலேயே இருப்பதுதான் உங்கள் பணத்துக்குக் காவல். முத்திரை உங்கள் பாஸ்புக்கில் இருப்பதைவிட, உங்கள் ஊர்ப் பூக்காரம்மாவின் பாஸ்புக்கில் இருப்பது உங்களுக்கு அதிகம் உதவுகிறது. இதற்கு நேர் எதிரான நிலை 2023 மார்ச்சில் அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கிக்கு வந்தது. அங்கே டெபாசிட்டில் 90 சதவீதத்துக்கு மேல் காப்பீட்டு வரம்பைத் தாண்டிய பணம். போட்டவர்கள் பெரும்பாலும் நிறுவனங்கள், ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள். ஒரே நாளில் 4,200 கோடி டாலரை எடுக்க முயன்றார்கள். மறுநாள் வங்கி மூடப்பட்டது.

அடுத்து, எத்தனை நாளுக்குள் என்ற கேள்வி. நம் ஆட்கள் இதைக் கேட்பதே இல்லை. 2019 செப்டம்பரில் பஞ்சாப் அண்ட் மகாராஷ்டிரா கூட்டுறவு வங்கிக்கு ரிசர்வ் வங்கி கட்டுப்பாடு போட்டபோது, கணக்குக்கு 1,000 ரூபாய்தான் எடுக்கலாம் என்று தொடங்கியது. பிறகு படிப்படியாக ஏற்றினார்கள். ஒரே கட்டுமானக் குழுமத்துக்குக் கொடுத்த கடன்தான் அந்த வங்கியின் மொத்தக் கடனில் 70 சதவீதத்துக்கு மேல். அப்போது காப்பீடு ஒரு லட்சம் வரை இருந்தது, உண்மைதான். ஆனால் வங்கியின் உரிமத்தை ரத்து செய்து கலைத்தால்தான் காப்பீடு கிடைக்கும் என்பது விதி. வங்கி சாகவும் இல்லை, பிழைக்கவும் இல்லை. ஆஸ்பத்திரிச் செலவுக்கும் கல்யாணத்துக்கும் சொந்தப் பணத்தை எடுக்க முடியாமல் மக்கள் தெருவில் நின்றார்கள். 2022 ஜனவரியில் அது யூனிட்டி சிறு நிதி வங்கியோடு இணைக்கப்பட்டபோது, 5 லட்சத்துக்கு மேல் வைத்திருந்தவர்களின் மீதிப் பணம் தவணை தவணையாக, 10 ஆண்டு வரை நீளும் திட்டத்துக்குள் போனது. 70 வயதுக்காரரிடம் 10 ஆண்டு கழித்துத் தருகிறேன் என்பதைப் பாதுகாப்புக் கணக்கில் என்னால் சேர்க்க முடியவில்லை.

அதன் விளைவாக வந்த நல்ல மாற்றம், 2021 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தம். வங்கியைக் கலைக்கும் வரை காத்திருக்க வேண்டாம். ரிசர்வ் வங்கி பணம் எடுக்கத் தடை போட்டாலே, காப்பீட்டுத் தொகை 90 நாளுக்குள் வர வேண்டும். முதல் 45 நாளில் வங்கி பட்டியல் கொடுக்கும், மீதி நாள் சரிபார்ப்பதற்கும் பட்டுவாடாவுக்கும். வேறு வங்கியோடு இணைக்கும் பேச்சு நடந்தால் கெடு நீளலாம். என்னைக் கேட்டால், 1 லட்சம் 5 லட்சம் ஆனதைவிட இந்த 90 நாள்தான் பெரிய முன்னேற்றம்.

சரி, வரம்புக்கு மேற்பட்ட பணத்துக்கு சட்டத்தில் எழுதாத காவல் ஏதாவது இருக்கிறதா? இருக்கிறது. கரூரில் 1926-ல் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கி 2020 நவம்பர் 17 அன்று தடைக்குள் போனது, 25,000 ரூபாய் வரைதான் எடுக்கலாம் என்றார்கள். பத்தே நாளில், நவம்பர் 27 அன்று, டி.பி.எஸ். வங்கியின் இந்தியப் பிரிவோடு இணைந்துவிட்டது. டெபாசிட் போட்ட யாருக்கும் ஒரு பைசா போகவில்லை. அதே வருஷம் மார்ச்சில் யெஸ் வங்கிக்கும் இதே கதை, ஸ்டேட் வங்கி தலைமையில் மற்ற வங்கிகள் பணம் போட்டுத் தூக்கி நிறுத்தின. பெரிய வணிக வங்கியை மூழ்கவிட்டால் மொத்த ஊரும் ஆடிப்போகும் என்று ரிசர்வ் வங்கிக்கும் அரசுக்கும் தெரியும். எனவே இணைத்துவிடுகிறார்கள். இது சட்டம் தந்த உரிமை இல்லை, பாலாய் வங்கிக் காலத்துக்குப் பிறகு வந்த ஒரு வழக்கம். எல்.ஐ.சி. பாலிசிக்கு 1956-ம் ஆண்டுச் சட்டத்தின் 37-ம் பிரிவிலேயே மத்திய அரசின் உத்தரவாதம் எழுதியிருக்கிறது. அரசு வங்கி டெபாசிட்டுக்கு அப்படி ஒரு வரி கிடையாது. இருந்தாலும் உங்கள் பணம் இருப்பது அரசு வங்கி. அதற்காக நான் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள மாட்டேன். ஒரு சிறிய கூட்டுறவு வங்கியாக இருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேன், ஏனென்றால் காப்பீட்டுக் கழகம் பணம் கொடுக்க நேர்ந்த இடங்கள் பெரும்பாலும் அவைதான்.

அந்த இரண்டு வங்கிகளிலும் அடிபட்டவர்கள் யார் தெரியுமா? லட்சுமி விலாஸ் பங்கு வைத்திருந்தவர்களுக்குக் கடைசியில் ஒன்றுமே மிஞ்சவில்லை. கரூர்ப் பக்கம் தாத்தா காலத்திலிருந்து வைத்திருந்த குடும்பங்கள் உண்டு. யெஸ் வங்கியில் 8,415 கோடி ரூபாய்க் கடன் பத்திரங்கள் ஒரே உத்தரவில் பூஜ்யமாக எழுதப்பட்டன. 'எஃப்.டி. மாதிரிதான், வட்டி மட்டும் கூட' என்று சொல்லி அவற்றை வாங்கவைத்தார்கள் என்று பல மூத்த குடிமக்கள் முறையிட்டார்கள், விஷயம் நீதிமன்றம் வரை போனது. ஒரே வங்கி, ஒரே கவுண்டர், ஒரே சிரித்த முகம். ஒரு தாளில் கையெழுத்துப் போட்டவருக்குப் பணம் வந்தது, பக்கத்துத் தாளில் போட்டவருக்குப் போனது. எந்த இழப்புக்கு என்ற கேள்வியைக் கேட்கச் சொல்வது இதற்காகத்தான்.

லாக்கர் விஷயத்திலும் அதே கேள்விதான். உள்ளே என்ன வைத்தீர்கள் என்று வங்கிக்குத் தெரியாது, எனவே நகையின் மதிப்புக்கு அது பொறுப்பேற்பதில்லை. ஒரு காலத்தில் எதற்குமே பொறுப்பில்லை என்ற மாதிரிதான் நடந்துகொண்டார்கள். 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் கண்டித்த பிறகு, ரிசர்வ் வங்கியின் புது விதிகள் 2022 ஜனவரி 1 முதல் வந்தன. தீ, திருட்டு, கொள்ளை, கட்டடம் இடிதல், ஊழியர் மோசடி என்றால், ஆண்டு வாடகையைப் போல் 100 மடங்கு வரை வங்கியின் பொறுப்பு. வாடகை 3,000 என்றால் 3 லட்சம். இன்றைய தங்க விலையில் அது எத்தனை பவுன் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். வெள்ளம், நிலநடுக்கம் போன்ற இயற்கைச் சீற்றத்தில் சேதமானால் அதுவும் இல்லை. நகைக்குத் தனியாகக் காப்பீடு எடுக்கலாம்.

அப்புறம், இந்த வேலியின் எல்லை எங்கே முடிகிறது என்பது. நம் ஊரில் இதில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். மாநிலக் கூட்டுறவு வங்கி, மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கி, நகரக் கூட்டுறவு வங்கி எல்லாம் காப்பீட்டுக்குள். கிராமத்தில் 'சொசைட்டி' என்று சொல்லும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் காப்பீட்டுக்குள் இல்லை. பலகையின் நிறமும் ரசீதின் அச்சும் ஒன்றுபோலவே இருக்கும். உறுப்பினர்களிடம் மட்டும் டெபாசிட் வாங்கும் 'நிதி' கம்பெனிகளும், டெபாசிட் வாங்கும் மற்ற நிதி நிறுவனங்களும் வெளியேதான். தெருமுனை பைனான்ஸைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அவர்கள் ஏமாற்றினால் தமிழ்நாட்டில் 1997-ம் ஆண்டு முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சொத்தை முடக்கலாம், தனி நீதிமன்றம் உண்டு, மிஞ்சியதை விற்றுப் பங்கிடலாம். மிஞ்சியதை என்ற சொல்லைக் கவனியுங்கள். தபால் நிலையச் சேமிப்பு மட்டும் வேறு வகை. அது மத்திய அரசே வாங்கும் கடன், அந்தப் பொறுப்புக்கு 5 லட்சம் என்ற வரம்பெல்லாம் கிடையாது.

இன்றைக்கு உங்கள் வயதில் இருப்பவர்களின் பணம் வங்கி திவாலாகிப் போவதில்லை சார், போன் வழியாகப் போகிறது. வைப்புத்தொகைக் காப்பீட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் கொண்டுவந்த விதிப்படி, உங்கள் தவறோ வங்கியின் தவறோ இல்லாமல் மூன்றாம் ஆளால் பணம் போயிருந்து, தகவல் வந்த மூன்று வேலை நாளுக்குள் வங்கிக்குச் சொன்னால் உங்களுக்கு நஷ்டமில்லை. ஓ.டி.பி.யை நீங்களே சொல்லியிருந்தால், புகார் கொடுக்கும் நிமிஷம் வரை போனது உங்கள் கணக்கில்தான். 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று மிரட்டுகிறார்களே, அவர்கள் பணத்தைப் பிடுங்குவதுகூடப் பாதுகாப்பின் பெயரால்தான். 'விசாரணை முடியும்வரை உங்கள் பணத்தை ரிசர்வ் வங்கியின் பாதுகாப்புக் கணக்குக்கு மாற்றுங்கள்' என்பார்கள். அப்படி ஒரு கைது இந்தியச் சட்டத்திலேயே இல்லை, அப்படி ஒரு கணக்கும் இல்லை. பயந்தவர் காவலைத் தேடி ஓடுவார் என்று அவர்களுக்குத் தெரியும், அதனால் காவல்காரர் வேஷத்தில் வருகிறார்கள். பணம் போய்விட்டால் அழுதுகொண்டிருக்காமல் உடனே 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணுக்கு அடியுங்கள், ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

உங்களுக்கு என் யோசனை. இருக்கும் எஃப்.டி.யை அபராதம் கட்டி உடைக்க வேண்டாம், தவணை முடியும்போது பிரியுங்கள். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் ஒருவர் 30 லட்சம் வரை போடலாம். அதை உங்கள் வங்கியிலேயே தொடங்கினாலும் பொறுப்பு மத்திய அரசுடையது, 5 லட்சக் கணக்கில் வராது. ஓய்வுப் பணம் வந்து எவ்வளவு நாள் ஆயிற்று என்பதையும் உங்கள் வயதையும் வைத்து யார் சேரலாம் என்ற விதி உண்டு, கிளையில் கேளுங்கள். மீதியை இரண்டு வங்கியில் வைக்கலாம். ஒரே வங்கியின் வேறு வேறு கிளைகளில் பிரிப்பதால் பயனில்லை, எல்லாவற்றையும் கூட்டித்தான் 5 லட்சம், வட்டியும் அதற்குள். உங்கள் பெயரில் ஒன்று, நீங்களும் வீட்டம்மாவும் சேர்ந்து ஒன்று, அவர் பெயர் முதலில் வர இன்னொன்று என்றால் மூன்றுக்கும் தனித்தனி வரம்பு கிடைக்கும்.

அதோடு நாமினி பெயரைச் சரிபாருங்கள். 2025 நவம்பர் 1 முதல் நான்கு பேர் வரை போடலாம். பழைய கணக்குகளில் காலமாகிவிட்ட அப்பா பெயரோ அம்மா பெயரோ அப்படியே இருப்பதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மருமகனைக் கூட்டிக்கொண்டு ஒரு நாள் கிளைக்குப் போய்விட்டு வாருங்கள், கூட்டம் குறைவான மாதத்தின் நடுவில் போனால் நின்று பேசுவார்கள்.